மூன்றே முக்காலா, நாலே முக்காலா

1

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரமும் வண்டியும் வேறு வேறாகத் தெரியும்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை உரிமையாளர் தம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. இருக்கையிலிருந்து சக்கரம் வரை எதுவும் இதற்கு விலக்கல்ல. மோட்டார் வாகன ஆய்வாளராக வேலை பார்த்த காலமெல்லாம் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் நான் ஒப்பித்து ஒப்பித்து, டீக்கடைக்காரர்களே மனப்பாடம் செய்துவிட்ட பிரிவு இது.

இப்போது நான் டெக்சாஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். வாசலில் என் மருமகனின் வண்டி நிற்கிறது. பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப் டிரக். வாங்கியபோது எல்லா வண்டியையும் போலத்தான் இருந்தது. பிறகு அடியில் கட்டைகள் கொடுத்து ஆறு அங்குலம் தூக்கினார். தூக்கியதால் கிடைத்த இடம் வீணாகக் கூடாதென்று, சின்னாளப்பட்டிக் கிணற்று உறை அளவுக்கு நான்கு டயர் போட்டார். பிரிவு 52 கடல் தாண்டாது என்பதை நான் ஒரு வாரம் தேடி உறுதி செய்துகொண்டேன். முகப்பு விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்று ஒரே ஒரு வரி கிடைத்தது. அந்த வரியையும் மாப்பிள்ளை மீறவில்லை. மிகவும் ஏமாற்றமாக இருந்தது.

நாங்கள் இங்கே குடியேறி மூன்றாவது ஆண்டு முடிந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு மாதா கோயிலுக்குக் கிளம்பினோம். என் மனைவி ரோசலின் சுங்குடிச் சேலையில் டிரக்கின் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"இதுல ஏறுறதுக்குப் பழனி மலை யானைப்பாதையில ஏறிடலாம். மாப்பிள்ளை, உள்ள ஏறுனா செத்துப்போன எங்க மாமியார் தெரிவாகளா, மேல?"

"புடிச்சுக்கங்க அத்தை, நான் தூக்கி விடறனுங்க."

கோயில் வளாகத்துக்குள் இடப்பக்கம் வளைத்தார். முன் சக்கரத்தின் உள்ளிருந்து கர்ர்ர் என்று ஒரு சத்தம். வண்டியின் சட்டத்தில் டயர் உரசுகிறது. வெளியே நின்ற வெள்ளைக்காரப் பெரியவர்கள் தொப்பியை எடுத்து எங்களுக்கு வழிவிட்டார்கள்.

என் மகள் ஜெசி திரும்பிப் பார்க்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"செந்தில், ஈஸ்டருக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும். நிக்கலைன்னா வண்டி நிக்காது. வித்துருவேன்."

அவள் என் மகள். அறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் நடவடிக்கை எடுப்பாள்.

2

செந்தில் ஒட்டன்சத்திரத்துக்காரர். அப்பா அங்கே காய்கறி மண்டி வைத்திருந்தார். சின்ன வயதில் லாரியில் தக்காளிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து சந்தைக்குப் போவாராம். "அந்த உசரத்துல இருந்து ரோட்டைப் பாத்துட்டு, அப்பறம் கார்ல உக்காந்தா குழிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குதுங்க மாமா" என்று ஒருமுறை சொன்னார். அவர் தன்னைப் பற்றி என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

ஜெசிக்கும் அவருக்கும் காதல் திருமணம். சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் அறிவிப்பு. விண்ணப்பத்தை என்னிடம் காட்டினார்கள். ஏதாவது ஒரு பிழை கிடைத்தால் யோசிக்க அவகாசம் கிடைக்கும் என்று இரண்டு முறை வாசித்தேன். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. படிவத்தை அப்படி நிரப்பியவனை எப்படி மறுப்பது? சம்மதித்தேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் மரியாதை மட்டுமே நடமாடுகிறது. நான் நின்றால் அவர் உட்கார மாட்டார். அவர் நிற்கிறாரே என்று நானும் உட்கார மாட்டேன். இப்படியே பல மாலைகள் போயிருக்கின்றன.

ஊரில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரி சாலையில் ஓட முடியாது. இங்கே நான் கையெழுத்துப் போடுவது வாசலில் பொட்டலம் கொடுப்பவரின் சின்னக் கண்ணாடித் திரையில், அதுவும் விரலால். குப்பைத் தொட்டி எந்தக் கிழமை என்பதைக்கூட என்னிடம் யாரும் கேட்பதில்லை. பத்து வயதுப் பேத்தி நிலாவுக்கு நான் கதை சொல்ல ஆரம்பித்தால், "ஷார்ட் வெர்ஷன் தாத்தா" என்பாள். மூன்று வருடத்தில் இந்த வீட்டில் என்னிடம் யாரும் ஒரு விஷயத்தைக் கேட்டு முடிவு செய்ததில்லை. குறை சொல்லவில்லை. பதிவு செய்கிறேன்.

எனவே அடுத்த சனிக்கிழமை காலை, கராஜிலிருந்து செந்தில் தலையை நீட்டி, "ஏனுங்க மாமா, ஒரு நிமிஷம் வந்து பாக்கறீங்களா? உங்களைக் கேட்டுச் செய்யலாம்னு இருக்கறனுங்க" என்றபோது, நான் அவசரத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போனேன்.

3

பிரச்சினை எளிது. பழைய ரிம்மிலேயே புது டயரை மாட்டியிருக்கிறார். டயர் அகலம். உள்பக்கம் உரசுகிறது. ஆகவே அதே அகலத்தில் வேறு ரிம் வேண்டும், ஆனால் அது டயரைக் கொஞ்சம் வெளியே தள்ளி நிறுத்த வேண்டும். எவ்வளவு தள்ளி என்பதற்கு இங்கே ஒரு கணக்கு உண்டு. பேக்ஸ்பேசிங் என்கிறார்கள். ரிம்மைக் குப்புறக் கிடத்தி, பின் விளிம்பின் மேல் குறுக்கே ஒரு நேரான சட்டத்தை வைத்து, அங்கிருந்து ரிம் வண்டியோடு பொருந்துகிற முகம் வரை எவ்வளவு ஆழம் என்று அளக்க வேண்டும். ஆழம் அதிகமானால் சக்கரம் உள்ளே போகும். குறைந்தால் வெளியே வரும். மிகவும் குறைத்துவிட்டால் டயர் துருத்திக்கொண்டு நிற்கும், திருப்பும்போது பம்பரில் இடிக்கும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

"ஒண்ணேகால் இஞ்சு வெளிய வந்தாப் போதுமுங்க மாமா. அதை நான் அட்டை வெச்சுப் பாத்துட்டேன். பழைய ரிம்மோட ஆழம் எவ்வளவுன்னு தெரிஞ்சா, அதுல ஒண்ணேகாலைக் கழிச்சு ஆர்டர் போட்டுறலாமுங்க. நீங்க அளந்தாத்தான் எனக்குத் திருப்தி."

டயர் மாட்டாத பழைய ரிம் ஒன்று மூலையில் கிடந்தது. கிடத்தினோம். நான் முழங்கால் போட்டேன். அவரும் போட்டார். சட்டத்தை வைத்து, அவர் கொடுத்த மஞ்சள் டேப்பை இறக்கி, கண்ணாடியை மூக்கில் சரி செய்துகொண்டு பார்த்தேன்.

"எழுதிக்கங்க மாப்பிள்ளை. அஞ்சு."

செந்தில் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"அஞ்சுங்களா மாமா?"

"அஞ்சு."

"சரிங்க மாமா."

ஐந்தில் ஒன்றேகால் போனால் மூன்றே முக்கால். ஆர்டர் கொடுத்த பிறகுதான் செய்வார்களாம். வேறொரு மாநிலத்தில் சக்கரம் செய்யும் நிறுவனம். அன்றே கணினியில் ஆர்டர் போட்டார். ஒரு பிரதியை அச்செடுத்து குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டினார். மூன்றே முக்கால். நான் தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் அதை நாலைந்து தடவை படித்தேன். நல்ல உத்தரவைப் படிப்பது போன்ற சுகம்.

4

ஊரில் எனக்கென்று ஒரு டேப் இருந்தது. என் சொந்த டேப். ஒருமுறை லாரி நீளத்தை அளந்துகொண்டிருந்தபோது, ஓட்டுநர் பிரேக்கை விட்டுவிட்டார். சக்கரம் டேப்பின் நுனியில் ஏறி இறங்கியது. முதல் அங்குலம் துண்டாகப் போய்விட்டது. மிச்சம் நன்றாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன். அளந்ததில் ஒன்றைக் கழித்துக்கொண்டால் தீர்ந்தது.

இந்த விஷயம் வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் டேப்பை நீட்டினாலே மைதானத்தில் நிற்பவர்கள் சேர்ந்து குரல் கொடுப்பார்கள்: "சார், ஒண்ணக் கழிங்க!" கழிக்காமல் விட்டால் வண்டியின் உயரம் ஓர் அங்குலம் கூடிவிடும். அவர்களுக்குத்தான் நஷ்டம்.

சாணார்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருந்த அழகர் என்பவர் தம் ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டுக்கொண்டு தகுதிச் சான்றுக்கு வந்தார். பிரிவு 52ஐ எடுத்துச் சொன்னேன்.

"சார், வண்டி அதே வண்டிதான் சார். டயரு மட்டுந்தான் கொஞ்சம் தாட்டியம்."

"சட்டப்படி டயரும் வண்டிதான்."

"எங்க பக்கம் பள்ளம் இம்புட்டுப் பெருசு சார். டயரும் அம்புட்டு இருந்தாத்தான வெளிய வரும்? பள்ளத்துக்கு ஏதாச்சும் பிரிவு இருக்கா?"

பள்ளத்துக்குப் பிரிவு இல்லை என்று சொன்னேன். அளந்து எழுதினேன். பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அழகர் சொன்னார், "டயரைக் கழட்டச் சொல்றீங்க, கழட்டுறேன். அதுக்காக ஒண்ணக் கழிக்காம விட்டுறாதீங்க சார்."

இங்கே வந்த பிறகு எனக்கு அழகரின் நினைப்பு வந்ததே இல்லை. ரிம்மை அளந்து ஒரு வாரம் கழித்து வந்தது.

5

தவக்காலம் தொடங்கியிருந்தது. அந்தோணியார் சுரூபத்துக்குச் சுவரில் ஒரு மாடம் போல இடம் இருக்கிறது, அதில் ஒரு பலகை போட்டுத் தாருங்கள் என்று ரோசலின் கேட்டாள். அளந்தேன். மாப்பிள்ளையின் ரம்பத்தால் அறுத்தேன். வைத்தேன். பலகை இரண்டு பக்கமும் எதையும் தொடாமல் கீழே போய் விழுந்தது.

ரோசலின் பலகையை எடுத்துப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"ஒரு இஞ்சு கம்மியா இருக்கே."

"மரம் சுருங்கியிருக்கும்."

"இப்பத்தான அறுத்தீக. ஏங்க, இது நம்ம ஊரு டேப்பா?"

"இல்லை. இங்க வாங்குனது."

"அப்பறம் எதுக்கு ஒண்ணக் கழிச்சீக?"

சுரூபத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோணியார். தொலைந்த ஓர் அங்குலத்தை இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துத் தருவார் என்று எதிர்பார்க்கவில்லை.

ஆறு. டேப்பில் நான் பார்த்தது ஆறு. ஆறில் ஒன்றேகால் போனால் நாலே முக்கால். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருப்பது மூன்றே முக்கால். ரிம் அப்படியே வந்தால் டயர் இன்னும் ஓர் அங்குலம் துருத்தும். உள்பக்கம் உரசியது வெளிப்பக்கம் இடிக்கும். ஜெசி வண்டியை விற்பாள். மாப்பிள்ளையின் உயரம் போய்விடும்.

"மாப்பிள்ளைட்ட சொல்லிருங்க" என்றாள் ரோசலின்.

"சொல்றேன்."

"எப்ப?"

"உரிய வழியில."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நியாயமாக அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் மூன்று வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார்கள். அதையும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். இனி இந்த வீட்டில் யார் எதைக் கேட்பார்கள்? குப்பைத் தொட்டியின் கிழமையைக்கூடக் கேட்க மாட்டார்கள். எனவே ரிம் செய்பவர்களுக்கே எழுதி, யாருக்கும் தெரியாமல் திருத்திவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

6

முதல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். பொருள், பார்வை, ஆர்டர் எண் எல்லாம் குறிப்பிட்டு, "மேற்படி ஆணையில் மூன்றே முக்கால் என்று கண்டிருப்பதை நாலே முக்கால் என்று திருத்தி வாசிக்கவும், திருத்தத்தை உறுதி செய்து பதில் அனுப்பவும்" என்று எழுதினேன். நிலா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, யார் மேல கோபம்?"

"கோபமில்லை. அலுவல்முறைக் கடிதம்."

"பை, தேங்க்ஸ், ஒரு ஸ்மைலி. அவ்வளவுதான் போடணும்."

அரை நிமிடத்தில் பதில் வந்தது. என் மகிழ்ச்சி அவர்களுக்கு மிக முக்கியம் என்று இருந்தது. அதை எந்த மனிதரும் எழுதவில்லை என்பது இரண்டாவது முறையும் அதே மகிழ்ச்சி வந்தபோதுதான் புரிந்தது. நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். நினைவூட்டல் இரண்டு அனுப்பினேன். பிறகு மேலாளரின் பெயருக்கே ஒரு நேர்முகக் கடிதம். ஒவ்வொன்றுக்கும் முந்தையதைப் பார்வையில் குறிப்பிட்டேன். கோப்பு கனத்துக்கொண்டே போனது. பதில் இல்லை.

இதற்கிடையில் இரவுச் சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை.

"ரிம் எப்ப வருமோ தெரியலைங்க மாமா."

"வரும் வரும்."

"அளவுல எதாச்சும் யோசனை இருந்தாச் சொல்லுங்க மாமா. இப்பன்னாக்கூட மாத்திக்கலாமுங்க."

"யோசனையா? எனக்கா?"

"இல்லைங்க மாமா. சும்மா கேட்டேன்."

இப்படி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன். ரோசலின் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். "வெஞ்சனம் வேணுமா, தொண்டையில எதுவும் சிக்கியிருக்கா?" என்று என்னைக் கேட்டாள். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஜெசி மட்டும் நாள்காட்டியைப் பார்த்தாள். ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருந்தது.

ஐந்தாவது கடிதத்தைக் காகிதத்தில் எழுதி, நடந்தே தபால் நிலையம் போனேன். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் வேண்டும் என்று கேட்டேன். இருக்கையில் இருந்த அம்மாள் என் உறையைப் புரட்டிப் பார்த்து, "நிச்சயமாகவா, ஹனி?" என்றார். முப்பத்தெட்டு வருட இல்லறத்தில் ரோசலின் என்னைத் தேனே என்று ஒருதரம் கூடச் சொன்னதில்லை. இவர் ஒரு தபால்தலைக்கே சொல்லிவிட்டார். நிச்சயமாக என்றேன். பச்சை அட்டை ஒன்று தந்தார். கையில் அதைப் பிடித்ததும் பல நாள் கழித்து ஊருக்குள் நிற்பது போல இருந்தது.

7

பதில் உறையில் வந்தது. அச்சடித்த தலைப்பு, கீழே மையில் கையெழுத்து. டெபோரா என்ற அலுவலக உதவியாளர் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இவ்வளவு:

"அன்புள்ள திரு. சூசைராஜ், உங்கள் ஐந்து கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும், வேண்டாம் என்று உங்கள் மருமகன் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பதிவுத் தபாலுக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்கிறார் எங்கள் மேலாளர்.

"ஆர்டர் வந்த அன்றே உங்கள் மருமகன் தொலைபேசியில் கூப்பிட்டார். மூன்றே முக்கால் என்பது தவறு, முந்தின நாளே தாம் அளந்து பார்த்ததில் ஆழம் ஆறு என்று வந்தது, நாலே முக்கால்தான் சரி என்றார். அப்படியே திருத்திவிடுகிறோம் என்றோம். வேண்டாம், மாமா தாமே கண்டுபிடித்து எழுதுவார், அவர் எழுதிய பிறகு வேலையைத் தொடங்குங்கள் என்றார். மூன்று வாரத்துக்குள் நீங்கள் எழுதாவிட்டால் மட்டும் நாலே முக்காலில் செய்து, யாரிடமும் சொல்லாமல் அனுப்பிவிட வேண்டுமாம். உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே வேலை தொடங்கியது. ரிம்கள் அடுத்த வாரம் உங்கள் வாசலுக்கு வரும்.

"ஒன்று மட்டும் கேட்கலாமா? மனைவியின் தகப்பனாரிடம் 'நீங்கள் அளந்தது தப்பு' என்று சொல்லக் கூடாது என்பது உங்கள் நாட்டில் சட்டமா? எனக்கும் ஒரு மருமகன் இருக்கிறான். அதனால் கேட்கிறேன்."

இரண்டு முறை படித்தேன். திருமண விண்ணப்பத்தைப் போலவே இதிலும் ஒரு புள்ளி தப்பில்லை.

மாலையில் செந்தில் வேலையிலிருந்து வந்தார். மேசையில் இருந்த உறையைப் பார்த்ததும் பையை இறக்காமல் நின்றுவிட்டார். நானும் எழுந்து நின்றேன்.

"கடுதாசி வந்துச்சுங்களா மாமா?"

"வந்துச்சு."

"என்னன்னு எழுதியிருக்காங்க?"

"அளவு சரியா இருக்காம். அடுத்த வாரம் வருதாம்."

"நீங்க அளந்ததாச்சே மாமா" என்றார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. இவரை ஆய்வாளராக எடுத்திருந்தால் மாவட்டத்தில் ஒரு லாரி தப்பியிருக்காது.

உள்ளிருந்து ரோசலின் இருமினாள். அது இருமல் இல்லை.

"மாமா, பின்கதவுக்குக் கீழ படி ஒண்ணு மாட்டலாம்னு இருக்கறனுங்க. அத்தை ஏறறதுக்குச் சிரமப்படறாங்க. தரையில இருந்து எவ்வளவு உசரத்துல வெக்கறதுன்னு உங்களைக் கேட்டு..."

"டேப்பை எடுங்க" என்றேன். "நான் அளக்குறேன். நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு, 'மாமா, ஒண்ணக் கழிக்காதீங்க'ன்னு சத்தமாச் சொல்லணும்."

அவர் காது சிவந்துவிட்டது. "அதெப்படிங்க மாமா, நான் போய் உங்களை..."

"உத்தரவு மாப்பிள்ளை."

கராஜுக்குள் போனோம். நான் குனிந்து டேப்பை நீட்டினேன். செந்தில் தொண்டையைச் செருமினார். ஒருமுறை வாசலைப் பார்த்தார், யாரும் கேட்கவில்லையே என்று. பிறகு, தக்காளி லாரியின் உச்சியிலிருந்து கத்துவது போல ஒரு குரல் கொடுத்தார். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

டெபோராவின் கேள்விக்கு அன்றே பதில் எழுதினேன். "சட்டம் உண்டு. பிரிவு எண் தெரியவில்லை." அதன் நகலை வைத்து, கயிற்றைக் கட்டி, கோப்பை முடித்தேன். மேலட்டையில் எழுத ஒன்றுதான் பாக்கி இருந்தது. அன்று, இயேசுவை வளர்த்த தச்சர், அளவு தெரிந்தவர், என் பெயருக்குச் சொந்தக்காரர் சூசையப்பரின் திருநாள். பதில் பெறப்பட்ட தேதி: மார்ச் 19.